நடுங்கும் ஸ்பூன்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பூன் பொரியைத் தூக்கிச் சுவரில் அடித்தது. போன ஞாயிறு ஜன்னல் கம்பியில் அடித்தது. இந்த முறை போகிற போக்கில் சந்திரசேகரனின் மூக்குக்கண்ணாடியையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

“ஆஃப் பண்ணு! மங்களம், ஆஃப் பண்ணு!”

மங்களம் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் திருகி நிறுத்தியிருந்த அலுமினியக் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அதன் நுனியில் கட்டியிருந்த ஸ்பூன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பண்ணிட்டேன். இப்ப என்ன?”

“ஒண்ணும் இல்ல. கண்ணாடிய நேரா வை. கொஞ்சம் யோசிக்க விடு.”

அவள் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்து வந்தாள். சோறும் சாம்பாரும் வைத்துச் சோதித்தால் சுவரெல்லாம் பாழாகும் என்று பொரிக்கு மாறியிருந்தார்கள். அன்றிலிருந்து ஹலசூரில் இருந்த அந்த வீட்டில் எங்கே கால் வைத்தாலும் பொரி நொறுங்கியது. சந்திரசேகரனுக்கு அந்தச் சத்தம்கூட எரிச்சலாக இருந்தது. அவன் கால் எதையும் மிதித்து நொறுக்கி நான்கு வருஷமாகியிருந்தது.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. கழுத்தைத் திருப்புவான். தோளைக் கொஞ்சம் தூக்குவான். அதற்குக் கீழே உடம்பில் எதுவும் அவன் பேச்சைக் கேட்காது.

அவன் அப்பா அரசாங்கப் பொதுப்பணித் துறையில் இருந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்த பையன், டிப்ளமோ முடித்ததும் 1991இல் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் வரவில்லை. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே சில தொழிற்சாலைகளும் அவற்றின் கம்பெனி பஸ்களும் மட்டும்தான். சோதனைப் பிரிவில் அவனை உட்கார வைத்தார்கள். வேலை செய்யாத சர்க்யூட் போர்டுகள் அவன் மேசைக்கு வரும். மற்றவர்கள் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றிக்கொண்டே போவார்கள். இவன் மீட்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்ப்பான், கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்ப்பான், பிறகு விரலை ஒரு பாகத்தின் மேல் வைத்து, “இதுதான்” என்பான். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

1999 மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். தோண்டிப் போட்டிருந்த மண் சேறாகிக் கிடந்தது. சக்கரம் வழுக்கி, நடுரோட்டுக் கல்லில் கழுத்து அடிபட்டது. லாரி மோதவில்லை, குடிகாரன் குறுக்கே வரவில்லை. யார்மேலும் கோபப்பட முடியாத விபத்து. பிற்பாடு அவன் கோபமெல்லாம் மூலைக்கு மூலை சிதறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவன் மனைவி மங்களம் அரசாங்கச் செயலகமான விதான சௌதாவில் டைப்பிஸ்ட். காலையில் அவள் கிளம்பும் நேரத்துக்கு ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து அர்ஜுனன் வந்துவிடுவார். முன்பு ஒரு நர்சிங் ஹோமில் வார்டு வேலை பார்த்தவர், ஐம்பது வயது, கை சுத்தம். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாவற்றிலும் குறை சொல்ல முடியாது. சாப்பாடு ஊட்டும்போது மட்டும் டி.வி.யில் கிரிக்கெட் ஓட வேண்டும். ஸ்பூன் சந்திரசேகரனின் உதட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் வரும்போது அங்கே விக்கெட் விழும். ஸ்பூன் அப்படியே நிற்கும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு மனிதனின் கவனம் திரும்பி வருவதற்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவனால் யாருக்கும் விளக்க முடியவில்லை. மேட்ச் இல்லாத நாளில் நிலைமை இன்னும் மோசம். முழுங்குவதற்குள் அடுத்த வாய் வந்து நிற்கும்.

ராத்திரிச் சாப்பாடு மங்களத்தின் கையில். ஆபீஸில் நாளெல்லாம் தட்டச்சு செய்த கை அது. அவள் ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டாள். ஆனால் நாலாவது வாய்க்கு அவள் மணிக்கட்டு தாழ்வது அவனுக்குத் தெரியும். பசி அடங்குவதற்கு முன்பே, “போதும்” என்றுவிடுவான்.

2003 பிப்ரவரியில் பழைய சகா ஓஸ்வால்ட் பார்க்க வந்தபோது சந்திரசேகரன் பீடிகை இல்லாமல் சொன்னான்.

“எனக்கு ஊட்டறதுக்கு ஒரு மெஷின் பண்ணணும் ஓஸி. மோட்டார் வாங்கிட்டு வா.”

ஓஸ்வால்ட் குக் டவுனில் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருந்தான். அடுத்த வாரமே பொம்மை விமானம் விற்கிற கடையிலிருந்து மூன்று சர்வோ மோட்டார் வாங்கி வந்தான். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. ஒவ்வொன்றிலும் மூன்று வயர்: இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று கட்டளைக்கு. கட்டளை வயரில் நொடிக்கு ஐம்பது தடவை ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். துடிப்பு குட்டையாக இருந்தால் மோட்டார் ஒரு பக்கம் திரும்பும், நீளமானால் மறு பக்கம். துடிப்பின் நீளம் மாறாத வரை அது அதே கோணத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். துடிப்பை அனுப்பும் வேலை ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப்புடையது. ஒரு மோட்டார் கையைத் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே திருப்ப, இன்னொன்று ஏற்றி இறக்க, மூன்றாவது ஸ்பூனைச் சாய்க்க. கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். அதை அழுத்தினால் ஒரு வாய் வரும்; மறுபடி அழுத்தினால் ஸ்பூன் தட்டுக்குத் திரும்பும். சந்திரசேகரனின் தலைக்குள் அந்த இயந்திரம் ஒரே நாளில் ஓட ஆரம்பித்துவிட்டது.

தலைக்கு வெளியேதான் ஓடவில்லை. ஏனென்றால் வெளியே கை வேண்டும். கை மங்களத்துடையது.

டைப்படிப்பதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவன் புரோகிராமை வரி வரியாகச் சொல்லச் சொல்ல, அர்த்தம் தெரியாவிட்டாலும் பிழையில்லாமல் அடித்தாள். சால்டரிங் அயர்ன் அப்படியில்லை. முதல் வாரமே ஆள்காட்டி விரலில் கொப்புளம். அவன் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான்.

“ஈயத்த கம்பில வை. அயர்ன்ல இல்ல, கம்பில.”

“கம்பிலதான் வெச்சிருக்கேன்.”

“அந்தக் கம்பி இல்ல. அதுக்குப் பக்கத்துல.”

“இதுவா?”

“இடது பக்கம்.”

“உங்க இடதா, என் இடதா?”

கண்ணுக்குத் தெரிகிற இடம். அரை நொடியில் விரலை வைத்துக் காட்டியிருப்பான் ஒரு காலத்தில். இப்போது அதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் ஈயம் வழிந்து பக்கத்துக் கம்பியோடு ஒட்டிவிடும். உறிஞ்சி எடுத்து மறுபடி முதலிலிருந்து. அவன் கண்ணை மூடிக்கொள்வான். அவளோ அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

எப்படியோ எல்லாம் ஒட்டி முடிந்தது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓடின. தனித்தனியாக ஓட்டினால் தங்கம். மூன்றும் சேர்ந்து ஓடினால்தான் வினை. தட்டிலிருந்து அழகாகப் பொரியை அள்ளும், மேலே தூக்கும், திரும்ப ஆரம்பிக்கும். திடீரென்று ஓர் உதறல். ஸ்பூன் நடு இடத்துக்குத் துள்ளிப் போய் நிற்கும். பொரி வீடெங்கும் பறக்கும். சில சமயம் நாலு வாய் ஒழுங்காகக் கொண்டுவந்து ஆசை காட்டிவிட்டு ஐந்தாவதில் உதறும். அதுதான் அவனை மிகவும் வதைத்தது. எப்போதுமே வேலை செய்யாத பொருளை அவன் மதிப்பான். அதில் ஒளிவுமறைவு இல்லை. நினைத்தபோது பழுதாகிற பொருள் அவன் எதிரி.

புரோகிராமில் தப்பு என்று முதலில் முடிவு கட்டினான். இரண்டு ஞாயிறு அதைத் திருப்பித் திருப்பி எழுத வைத்தான். மாறவில்லை. பிறகு, சிப் தன் புரோகிராமைத் தொடங்கும்போதெல்லாம் ஒரு சின்ன விளக்கு மின்னும்படி வைக்கச் சொன்னான். ஸ்விட்சைப் போட்டார்கள். விளக்கு ஒரு தடவை மின்னியது. ஸ்பூன் அள்ளியது, எழுந்தது, உதறியது. உதறிய அந்தக் கணத்தில் விளக்கு மறுபடி மின்னியது.

“பாத்தியா! சிப் நடுவுல செத்துப் பொழைக்குது. பொழச்சதும் முதல் வரிலேர்ந்து ஆரம்பிக்குது. முதல் வரி என்ன? எல்லா மோட்டாரையும் நடுவுல நிறுத்து. அதான் துள்ளுது.”

அவன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்ததை மங்களம் பார்த்தாள். ஆவலோடு கேட்டாள்: “அப்ப ஏன் சாகுது?”

“லூஸ் கனெக்‌ஷன். எங்கயோ சால்டர் சரியா புடிக்கல.”

அவள் முகத்தில் இருந்த ஆவல் அணைந்தது. போர்டில் இருந்த அத்தனை ஒட்டுகளையும் மறுபடி சூடுகாட்டி ஒட்டினாள். மறு ஞாயிறும் உதறியது. புது போர்டு வாங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒட்டினாள். அதுவும் உதறியது.

“கை நடுங்காம ஒட்டணும் மங்களம். நீ அவசரப்படற.”

“சரி.”

“சரின்னு சொன்னா போறாது.”

“சாக்குங்க. இன்னிக்கி இது சாக்கு.” போதும் என்பதைக் கன்னடத்தில் சொன்னாள் என்றால் அவள் பொறுமை எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

ஓஸ்வால்டைக் கூப்பிட்டார்கள். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை அவன் கடையிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தான். மூச்சு வாங்க அதை மேசைமேல் வைத்து, மின்சாரம் வருகிற வயரில் முனையைக் கவ்வவிட்டான். பச்சைக் கோடு திரையில் நேராக ஓடியது.

“மீட்டர்ல பாத்தியா சேகர்?”

“பாத்தோம். அஞ்சு வோல்ட். அசையல.”

“மீட்டருக்கு எங்க தெரியும், அது ஆமை. ஓட்டுங்க சிஸ்டர்.”

மங்களம் ஸ்விட்சைப் போட்டாள். கை அள்ளியது. மூன்று மோட்டாரும் ஒன்றாக முறுக்கிய தருணத்தில் பச்சைக் கோட்டில் ஆழமாக ஒரு குழி விழுந்து நிமிர்ந்தது. கூடவே பொரி பறந்தது. ஓஸ்வால்ட் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். அதே குழி.

“உன் சப்ளை தாண்டா. மோட்டார் மூணும் சேந்து இழுக்கறப்போ வோல்ட்டேஜ் படுத்துடுது. சிப்புக்கு மயக்கம் வராம என்ன பண்ணும்?”

சப்ளை என்றது வான நீல வண்ணம் அடித்த ஓர் இரும்புப் பெட்டி. சுவர் மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக இறக்கித் தரும் பெட்டி. வேலைக்குச் சேர்ந்த வருஷம் சந்திரசேகரன் தானே செய்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றியது முதல் மூடிக்கு ஓட்டை போட்டது வரை எல்லாம் அவன் கை. பன்னிரண்டு வருஷமாக அது ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

“அதுல ஃபால்ட் வராது” என்றான்.

“ஸ்கோப் பொய் சொல்லுமா குரு?”

“உன் ஸ்கோப்போட வயர் லூஸா இருக்கும். இல்ல, போர்டுல எங்கயோ ஷார்ட் ஆகி அதிகமா இழுக்குது. மங்களம் ஒட்டினதுல—”

“டேய், சிஸ்டர் ஒட்டினது பளபளன்னு இருக்கு. நீ அந்தப் பொட்டிய மட்டும் மாத்து. நான் வேற தரேன்.”

“வேணாம். எனக்குச் சொல்லிக் குடுக்க வராத. கடை வெச்சுட்டா பெரிய ஆளா?”

ஓஸ்வால்ட் ஸ்கோப்பின் வயரை மெதுவாகச் சுற்றினான். மங்களம் வைத்த காப்பியைக் குடிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

சந்திரசேகரன்தான் ஆரம்பித்தான். “இன்னொரு தரம் அந்த நடு மோட்டார் ஒட்ட மட்டும்—”

“மாட்டேன்.”

“என்ன?”

மங்களம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“என் கை உங்க கை இல்லீங்க. அது என்னுது. நாலு வருஷமா உங்களுக்குக் குடுத்திருக்கேன், சந்தோஷமாத்தான் குடுத்திருக்கேன். அதுக்காக, தப்பு வந்தா என் கை, சரியா வந்தா உங்க மூளைன்னு சொல்லாதீங்க. ரெண்டு போர்டு ஒட்டினேன். அந்த நீலப் பொட்டிய ஒரு தரமாவது சந்தேகப்பட்டீங்களா?”

அவள் போய்க் குக்கர் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அலுமினியக் கைமேல் ஒரு பழைய துண்டு மூடிக் கிடந்தது. அர்ஜுனன் ஊட்டினார், மங்களம் ஊட்டினாள். வேண்டியதற்கு மட்டும் பேச்சு. சந்திரசேகரனுக்கு யோசிக்க நேரம் நிறைய இருந்தது. அவனிடம் அது மட்டும்தான் நிறைய இருந்தது. மீட்டருக்கு நொடியில் வந்து போகும் குழி தெரியாது என்பதைப் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஓஸ்வால்ட் சொல்வதற்கு முன்பே அது அவனுக்குத் தெரியும். விளக்கு இரண்டாவது தடவை மின்னியபோதே, வேறு யாருடைய சப்ளையாக இருந்திருந்தாலும், முதல் விரல் அங்கேதான் போயிருக்கும். தெரிந்தே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருக்கிறான். அந்தப் பெட்டி போய்விட்டால் அவன் கை செய்ததில் என்ன மிச்சம் என்ற கேள்வியை அவன் யாரிடமும் கேட்கவில்லை. தன்னிடமும் முழுசாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மங்களம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்: “அந்தப் பொட்டிய தொறந்து பாக்கலாமா?”

அவள் கேள்வி கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். மூடியைக் கழற்றிப் பெட்டியை அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே வயர்களை நூல் போட்டுக் கட்டியிருந்தான், ஒரே அளவு இடைவெளி விட்டு. இருபத்தொரு வயது கையின் வேலை. நடுவே தடியான உருளை மாதிரி நின்ற கெப்பாசிட்டரின் தலை உப்பி, ஓரமாக வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இது என்னங்க, பூஞ்சக்காளானா?”

“காஞ்சு போச்சு. மோட்டார் திடீர்னு இழுக்கறப்போ, கரண்ட் எடுத்துக் குடுக்கறதுக்கு இதுல கொஞ்சம் சேமிச்சு வெச்சிருக்கணும். வயசாயிடுச்சு.” பெட்டியை இன்னொரு தடவை பார்த்தான். “புதுசு போட்டாலும் மூணு மோட்டாருக்கு இது பத்தாது. நான் அப்ப இவ்ளோ பெரிசா செய்யல.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“நீ ஒட்டினது நல்லாத்தான் இருந்துச்சு மங்களம். ரெண்டு போர்டும்.”

“தெரியும்” என்றாள் அவள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க” என்றாள்.

வீட்டில் கரண்ட் போனால் எரிகிற எமர்ஜென்சி லைட் ஒன்று இருந்தது. அதற்குள் ஆறு வோல்ட் பேட்டரி. அதைக் கழற்றி மோட்டார்களுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னான். சிப்புக்கு அதிகம் வேண்டாம். அதை நீலப் பெட்டியே பார்த்துக்கொள்ளட்டும். ஆளுக்கு ஒரு வீடு என்று பிரித்தாயிற்று. ஸ்விட்சைப் போட்டார்கள்.

கை வெறி பிடித்தது போல் ஆடியது. இதுவரை ஒரு தடவைதான் உதறும். இப்போது மூன்று மோட்டாரும் நிற்காமல் கிடுகிடுவென்று நடுங்கின. ஸ்பூன் தட்டில் தாளம் போட்டது. தட்டு மேசையிலிருந்து விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. மங்களம் அணைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சந்திரசேகரன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். பிறகு இன்னொன்று. தலையைப் பின்னால் இருந்த தலையணையில் மோதினான், ஒரு தடவை, இரண்டு தடவை. அவனால் மோதக்கூடிய பொருள் அது ஒன்றுதான். அவள் தடுக்கவில்லை. அவனாக நிறுத்தினான். விட்டத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“மங்களம்.”

“ம்.”

“பேட்டரியோட கறுப்பு வயர் எங்க போகுது?”

“மோட்டார்களுக்கு.”

“பொட்டியோட கறுப்பு வயர்?”

“சிப்புக்கு.”

“ரெண்டு கறுப்பும் எங்கயாவது ஒண்ணா சேருதா?”

அவள் குனிந்து விரலால் வயரைத் தொட்டுக்கொண்டே போனாள். “இல்லீங்க. நீங்கதானே தனித்தனியா குடுக்கச் சொன்னீங்க.”

“ஆமா. நாந்தான் சொன்னேன்.” அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிப் அனுப்புகிற துடிப்பை மோட்டார் எதை வைத்து அளக்கும்? இரண்டுக்கும் பொதுவாக ஒரு தரை, அளவு தொடங்குகிற ஒரு பூஜ்யம், வேண்டாமா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பையன் செய்கிற தப்பு. “ரெண்டு கறுப்பையும் ஒரு துண்டு வயரால சேத்து விடு. அவ்ளோதான்.”

சேர்த்தாள். ஸ்விட்சைப் போட்டாள்.

ஸ்பூன் அசையாமல் நின்றது. அவன் கன்னத்தால் ஸ்விட்சை அழுத்தினான். கை இறங்கியது, பொரியை அள்ளியது, எழுந்தது, திரும்பியது, அவன் உதட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நடுக்கமே இல்லை. ஒரு பொரிகூடக் கீழே விழவில்லை. அவன் அதைப் பார்த்தபடியே இருந்தான். வாயைத் திறக்க மறந்துவிட்டான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். முடியவில்லை. கன்னத்து ஸ்விட்ச் ஒரு தடவை அழுத்தினால் உள்ளே அதிர்ந்து இரண்டு தடவை அழுத்தியதாகச் சிப்புக்குச் சொன்னது. ஸ்பூன் வாய்வரை வரும். அவன் ஆவென்று திறந்ததும், சாப்பிட்டு முடித்தாயிற்று என்று எண்ணித் தட்டுக்கே திரும்பிவிடும்.

“இதுக்கு அர்ஜுனனே தேவலாம்!” என்று கத்தினான்.

மங்களம் வாய்விட்டுச் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு. ஒரு தடவை அழுத்தியதும் கொஞ்ச நேரம் ஸ்விட்சின் பேச்சைக் காதில் வாங்காதே என்று நாலு வரி சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். அது சரியானதும் தயிர்சாதத்தின் கனம் தாங்காமல் தூக்கும் மோட்டார் ஓயாமல் முனகியது. அதற்குப் பாரம் குறைக்க, கையின் மறு பக்கம் ஒரு பழைய பூட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ராத்திரி கரண்ட் போனால் எமர்ஜென்சி லைட் கிடையாது. அதன் பேட்டரி இங்கே இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஊட்டியபடி, “மத்தவங்க வீட்ல இருட்டுல வெளக்கு எரியுது, நம்ம வீட்ல ஸ்பூன் எரியுது” என்றாள் மங்களம்.

வர்ற ஞாயிறு முதல் சாப்பாடு என்று பேசி வைத்திருந்தார்கள். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஆபீஸிலிருந்து வந்தபோது அர்ஜுனன் வாசலிலேயே நின்றார்.

“மேடம், சார் இன்னிக்கி தானாவே சாப்ட்டாரு! முழு தட்டு! நானு பக்கத்துல ஒக்காந்து என் டிபனைத் துன்னேன். ரெண்டு பேரும் மேட்ச் பாத்தோம்.”

மங்களம் பையைக் கீழே வைக்காமலே உள்ளே போனாள். அவன் முகவாயில் காய்ந்த தயிர். சட்டையில் இன்னும் கொஞ்சம். கண் மட்டும் பளபளத்தது.

“எனக்காக மூணு நாள் காத்திருக்க முடியலையா?”

அவன் சொல்லத் தயாராக வைத்திருந்த பெருமையையெல்லாம் விட்டுவிட்டான்.

“பசிச்சுது” என்றான்.

அவளுக்கு வந்த கோபம் நியாயமானதா என்று அவளுக்கே தெரியவில்லை. கொப்புளம் பட்ட விரலைக் கட்டை விரலால் தேய்த்தாள். பிறகு துண்டை நனைத்து வந்து, கொஞ்சம் அழுத்தமாகவே, அவன் முகவாயைத் துடைத்தாள்.

“எவ்ளோ சாப்ட்டீங்க?”

“வயிறு ரொம்பற வரைக்கும்” என்றான். அவள் துடைப்பதை ஒரு கணம் நிறுத்தினாள். இத்தனை நாள் அவன் சொன்ன ‘போதும்’ எல்லாம் எப்படிப்பட்டவை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஓஸ்வால்டுக்கு அவளே போன் போட்டு, ரிசீவரை அவன் காதில் வைத்துப் பிடித்தாள்.

“பேட்டரி வெச்சுட்டேன் ஓஸி. ஓடுது.”

“நான் அன்னிக்கே சொன்னேன்.”

“சொன்ன.” சந்திரசேகரன் உடனே பேச்சை மாற்றினான். “அந்தத் தூக்கற மோட்டார்ல பிளாஸ்டிக் பல்சக்கரம். தேயுது. மெட்டல்ல வருமான்னு அந்தக் கடையில கேளேன்.”

“சாரி கேக்க மாட்டியாடா?”

“கேட்டா மெட்டல் கெடைக்குமா?”

அந்தப் பக்கம் ஓஸ்வால்ட் சிரித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மோட்டாரோடு வந்தான். மங்களம் அவனுக்குப் பிடிக்கும் என்று பிஸிபேளேபாத் செய்திருந்தாள். நெய் விட்டுக் குழைந்த பருப்புச் சோறு. மூன்று பேரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். சந்திரசேகரன் கன்னத்தால் அழுத்தினான். ஸ்பூன் தட்டில் இறங்கியது. சோறு பசை போல அதைப் பிடித்துக்கொண்டது. மோட்டார் முக்கியது. ஸ்பூன் வெறுமையாகப் பிய்த்துக்கொண்டு எழுந்து, ஒன்றுமே இல்லாமல் அவன் வாய்க்கு முன்னால் வந்து பணிவாக நின்றது.

“சனியன்! கஞ்சிக்கும் லாயக்கில்ல, சாதத்துக்கும் லாயக்கில்ல!”

ஓஸ்வால்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “இரு, நான் ஒரு வாய்—”

“ஒக்காருங்க அண்ணா” என்றாள் மங்களம். “ஆறிடும், சாப்பிடுங்க.”

அவள் எழுந்திருக்கவில்லை. தன் தட்டிலிருந்து ஆவி பறக்கும் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எதிரே சந்திரசேகரன் திட்டிக்கொண்டே மறுபடி கன்னத்தால் அழுத்தினான். ஸ்பூன் இறங்கியது. இந்தத் தடவையும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை ஓரமாக, ஒரு பட்டாணியும் நாலு பருக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தன.

“காரம் ஜாஸ்தி” என்றான் அதை மென்றபடி, மறுபடி ஸ்விட்சை அழுத்தப் போனான்.